பொலிகாளை தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு

கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு இனவிருத்தி மரபியல் பிரிவுக்கு மேற்படிப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆசைப்பட்டு வருவதில்லை. அறுவை சிகிச்சைப் பிரிவு கேட்டு, கிடைக்காமல் வருகிறவர்கள் உண்டு. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இங்கே கத்தியும் இல்லை, குளுக்கோஸ் பாட்டிலும் இல்லை, எண்கள்தான். பால், உடல் எடை, ரோமம், சினைப்பிடிப்பு என்று அளந்து சொல்லக்கூடிய பண்புகளில் எந்தத் தாய் தகப்பன் கன்றுக்கு எவ்வளவு கொடுத்துவிட்டுப் போகின்றன என்று கண்டுபிடிப்பதே நமக்கு வேலை. கீழே உள்ள பெரும்பாலானவை பாடப்புத்தகத்தில் இருப்பவைதான். புத்தகம் ஒரு வரியில் தாண்டிப்போகும் சில இடங்களில் நான் கொஞ்சம் நின்றிருக்கிறேன்.

1. எந்த ஜீன் என்று முதலில் கேட்காதீர்கள். மேச்சேரி ஆட்டில் கிடாவுக்கும் கொம்பில்லை, பெட்டைக்கும் கொம்பில்லை. ராமநாதபுரம் வெள்ளையில் கிடாவுக்குக் கொம்பு உண்டு. இப்படி உண்டு, இல்லை என்று சொல்லிவிடக்கூடிய பண்புகள் மெண்டலின் பட்டாணிச் செடிக் கணக்கில் ஓரளவு அடங்கும். பாலும் எடையும் அடங்காது. மாட்டின் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 58,265 மாடுகளின் மரபணுத் தகவலைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து அலசி 2018இல் வெளியிட்டார்கள். உயரத்தோடு தொடர்புள்ளவையாக 163 இடங்கள் அகப்பட்டன. அத்தனையையும் கூட்டினாலும் மாட்டுக்கு மாடு இருக்கும் உயர வேறுபாட்டில் அதிகபட்சம் 13.8 விழுக்காட்டுக்குத்தான் அவை கணக்குச் சொல்லின. மிச்சம், கண்ணுக்கே அகப்படாத சின்னச் சின்ன விளைவுகளாகச் சிதறிக் கிடக்கிறது.

விதிவிலக்கு இருக்கிறது. வங்காளத்துக் கரோல் ஆட்டில் உள்ள ஃபெக்-பி என்ற ஒற்றை மரபணு ஈத்துக்குக் குட்டி எண்ணிக்கையைக் கண்கூடாகக் கூட்டும். மகாராஷ்டிரத்தின் பல்டனில் இருக்கும் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அதைத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து 'நாரி சுவர்ணா' என்ற ஆட்டை உருவாக்கியது. பால் கொழுப்பில் டிஜிஏடி1 என்ற மரபணுவும் அப்படிப் பெரியது. இப்படி ஒன்று கிடைத்தால் விட வேண்டாம். ஆனால் அதைத் தேடுவதையே தொழிலாக்கிக்கொண்டால் ஓய்வு பெறும் நாள் வந்துவிடும், மந்தை அப்படியே நிற்கும்.

எண்ணற்ற சின்ன விளைவுகள் சேர்ந்தால் தொடர்ச்சியான பண்பு வரும், அதுவும் மெண்டல் விதிப்படியே நடக்கும் என்று 1918இல் ஆர்.ஏ. ஃபிஷர் எழுதிக்காட்டினார். நம் துறைக்கு அடித்தளம் அந்தக் கட்டுரை. படிக்கக் கடினம், ஒருமுறை முட்டிப் பாருங்கள். அதற்கு முன்னால் ஃபால்கனர் 1960இல் எழுதிய பாடப்புத்தகத்தை முடித்துவிடுங்கள்.

2. "இந்த மாடு 12 லிட்டர் கறக்கிறது" என்று யாராவது சொன்னால், எந்த மாடுகளுக்கு நடுவில் என்று கேளுங்கள். நம் துறையின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தலையீத்தா, மூன்றாம் ஈத்தா? கன்று போட்டு எத்தனை மாதம்? ஐப்பசியில் போட்டதா, பங்குனியில் போட்டதா? வாய்க்கால் பாசனத்தில் பசுந்தீவனம் அறுக்கிற வீடா, சோளத்தட்டும் தவிடுமாகச் சமாளிக்கிற வீடா? ஒரே ஊரில், ஒரே பருவத்தில், அதே ஈத்தில் இருக்கும் மற்ற மாடுகள் 13 லிட்டர் கறந்தால், இந்த 12 குறைவு. மற்றவை 8 கறந்தால் இது நல்ல மாடு. தனியாக நிற்கும் எண்ணுக்கு நம் கணக்கில் இடமே கிடையாது. சகமாடுகளிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்ற வித்தியாசத்தை மட்டும்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே பண்ணையிலோ கிராமத்திலோ பதிவு எடுக்கப் போகும்போது நல்ல மாட்டை மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். சொசைட்டிச் செயலர் அக்கறையோடு, "அந்த ரெண்டு வீட்டு மாடு நல்லா கறக்குமுங்க, அங்க போலாமுங்க" என்று கூட்டிப் போவார். அவருடைய மரியாதையை ஏற்றுக்கொண்டு, மற்ற பத்து வீட்டுக்கும் போய்விட்டு வாருங்கள். சோப்ளாங்கி மாட்டின் எண் இல்லாமல் நல்ல மாட்டின் எண்ணுக்கு அர்த்தமில்லை. கறவை சரியில்லை என்று பாதி ஈத்தில் விற்றுவிட்ட மாட்டின் பதிவையும் கிழிக்கக் கூடாது. மட்டமான மகள்களின் பதிவெல்லாம் மறைந்துபோனால் தகப்பன் காளை உத்தமனாகத் தெரியும்.

3. பாரம்பரியத்திறன் மாட்டின் குணம் அல்ல. மந்தைக்குள் மாட்டுக்கு மாடு காணும் வேறுபாட்டில், கன்றுக்குக் கடத்தக்கூடிய பங்கு எவ்வளவு என்பதே அது. பால் அளவுக்குப் பொதுவாக 0.25இலிருந்து 0.35 வரை, பாலின் கொழுப்புச் சத்து விகிதத்துக்கு 0.5 சுமார், சினைப்பிடிப்புக்கு 0.05க்கும் கீழே. பாலுக்கு 0.3 என்றால், இந்த மாட்டின் பத்து லிட்டரில் மூன்று லிட்டர் மரபணுவிலிருந்து, ஏழு லிட்டர் தீவனத்திலிருந்து என்று தேர்வில் எழுதுகிற பிள்ளை வருடத்துக்கு ஒன்று உண்டு. அப்படிப் பிரிக்க முடியாது.

இந்த எண் இடத்துக்கு இடம் மாறும். எல்லா மாட்டுக்கும் ஒரே கவனிப்பு உள்ள பண்ணையில் கூடும், வீட்டுக்கு வீடு பராமரிப்பு மாறுகிற ஊரில் குறையும். அளக்கிற ஆள் அசட்டையாக அளந்தாலும் குறையும். ஆகவே வேறு நாட்டு ஆய்வுக்கட்டுரையில் கண்ட எண்ணை அப்படியே தூக்கி உங்கள் மந்தைக்கு வைத்துவிடாதீர்கள்.

4. தேர்வுக்குக் கிடைக்கும் பலனை முதலில் பேனா பிடித்துக் கணக்குப் போடுங்கள், கம்ப்யூட்டர் பிறகு. ஒரு செம்மறி மந்தையில் ஆறு மாதக் குட்டியின் சராசரி எடை 14 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 18 கிலோ உள்ள கிடாக்குட்டிகளைப் பொலிகிடாவுக்கு நிறுத்துகிறீர்கள். பெட்டையில் தேர்வே செய்யவில்லை, இருப்பதெல்லாம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்கள். கிடா பக்கம் 4 கிலோ உயர்வு, பெட்டை பக்கம் பூஜ்யம், சராசரி 2 கிலோ. பாரம்பரியத்திறன் 0.25 என்றால் அடுத்த தலைமுறைக்குக் கிடைப்பது அரை கிலோ. செம்மறியில் ஒரு தலைமுறை மூன்று வருடம் என்றால் வருடத்துக்கு 170 கிராம் கூட இல்லை.

சிரிப்பாக இருக்கிறதா? அந்த அரை கிலோ அடுத்த வருடம் தீவனம் குறைந்ததும் காணாமல் போகாது. அதற்கு மேலேதான் அடுத்த அரை கிலோ உட்காரும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்து இறைச்சிக்கோழி வகைகளை ஒரே தீவனம் போட்டு ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் 1957 வகை 905 கிராம், 1978 வகை 1,808 கிராம், 2005 வகை 4,202 கிராம். தீவனம் ஒன்றே, பராமரிப்பும் ஒன்றே, ஆகவே வித்தியாசம் முழுக்கத் தேர்வினால் வந்தது. இறைச்சிக்குப் பிராய்லர் வாங்குகிறவர்களில் பலர் ஹார்மோன் ஊசி போட்டு வளர்த்தது என்று இன்றும் நம்புகிறார்கள். அவர்களிடம் இந்த மூன்று எண்களைச் சொல்லுங்கள்.

5. உசத்தியான காளைக்கும் உசத்தியான பசுவுக்கும் பிறந்த கன்று இரண்டையும் மிஞ்சும் என்று எதிர்பார்க்காதீர்கள். 205 பெற்றோர் ஜோடிகளையும் அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் வைத்து 1886இல் ஃபிரான்சிஸ் கால்டன் மனித உயரத்தைப் பார்த்தார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட உயரம்தான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மாட்டிலும் இதே கதை. சாதனை மாட்டின் கறவையில் மரபும் உண்டு, அந்த வருடத்து அதிர்ஷ்டமும் உண்டு. அதிர்ஷ்டம் கன்றுக்குப் போவதில்லை.

இதற்கும் மேலே இன்னொரு குலுக்கல் இருக்கிறது. தாய் தன் மரபணுக்களில் பாதியைத்தான் தருகிறது, எந்தப் பாதி என்பது ஒவ்வொரு கன்றுக்கும் புதிதாக முடிவாகிறது. ஒரே காளை, ஒரே பசு, கருமாற்று முறையில் ஐந்து கன்று எடுத்தாலும் ஐந்தும் ஐந்து விதம். நெருங்கிய உறவில்லாத பெற்றோர் என்றால், மந்தையில் உள்ள மரபு வேறுபாட்டில் பாதி இந்த உடன்பிறப்புகளுக்குள்ளேயே கிடக்கிறது. "சாம்பியன் காளையின் தம்பி" என்று விளம்பரம் வந்தால், எந்தப் பாதி வாங்கிய தம்பி என்று யோசியுங்கள்.

6. காளை பால் கறக்காது. அதன் மகள்கள்தான் அதைப் பற்றிப் பேச வேண்டும். எத்தனை மகள்கள் போதும் என்று எல்லோரும் கேட்பார்கள், கையாலேயே போட்டுப் பார்க்கலாம். பாலின் பாரம்பரியத்திறன் 0.25 என்று வையுங்கள். ஒரு பசுவின் சொந்த ஈத்துப் பதிவு ஒன்றை வைத்து அதன் மரபு மதிப்பைச் சொன்னால் துல்லியம் 0.5. காளைக்கு 5 மகள்கள் இருந்தால் அதே 0.5 வந்துவிடும். 15 மகள்களில் 0.71. 60 மகள்களில் 0.89. நூறுக்குப் போனால் 0.93. அறுபதிலிருந்து நூறுக்குப் போக நாற்பது மகள்களைச் செலவழித்து ஏறியது மிகக் கொஞ்சம். அந்த நாற்பது மகள்களை இன்னொரு காளையைச் சோதிக்கக் கொடுத்திருக்கலாம். கைக்காசு குறைவாக உள்ள நம்மைப் போன்ற இடங்களில், சில காளைகளை மிக நுணுக்கமாகச் சோதிப்பதைவிடப் பல காளைகளை ஓரளவுக்குச் சோதிப்பது மேல் என்பது என் கட்சி.

மகள்கள் ஊரூராகப் பரவியிருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒரு காளையின் மகள்கள் எல்லாம் ஒரே பணக்காரப் பண்ணையில் இருந்தால், காளைக்கு மார்க் போடுகிறோமா பண்ணைக்கு மார்க் போடுகிறோமா என்று தெரியாது. வீட்டுக்கு இரண்டு மாடு உள்ள நாட்டில் இது நடக்காது என்று பலர் கைவிட்டார்கள். 1963இல் மாட்டுப்பெட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தின் தொடர்ச்சியாக, கேரளத்தில் சிறு விவசாயிகளின் கொட்டிலிலேயே மகள்களை அளந்து சுநந்தினி காளைகளைத் தரம் பிரித்துக் காட்டினார்கள். முடியும்.

சார்லஸ் ஹெண்டர்சன் வகுத்த பிளப் முறை இந்தச் சிக்கலைத்தான் அவிழ்க்கிறது. ஊர், வருடம், பருவம் ஆகியவற்றின் விளைவையும் ஒவ்வொரு விலங்கின் மரபு மதிப்பையும் ஒரே சமன்பாட்டுத் தொகுப்பில் வைத்து ஒன்றாகக் கணிக்கிறது. உறவுமுறைப் பட்டியல் வழியாக அத்தை பதிவும் மருமகளுக்கு உதவுகிறது. மென்பொருள் நொடியில் செய்துவிடும். ஆனாலும் ஐந்து விலங்குக்கு ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். எந்த ஊரின் மாடுகள் வேறெந்த ஊரோடும் பொதுவான காளை வழியாகச் சேரவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

7. அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதை யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை. கறந்தவுடன் பாலை லிட்டர் குவளையில் ஊற்றிப் பார்த்தால் நுரையையும் சேர்த்துப் படிப்பீர்கள். வாளியோடு தராசில் தொங்கவிட்டு, வெறும் வாளியின் எடையைக் கழியுங்கள். நாட்டு மாடும் எருமையும் கன்று முட்டாமல் பால் விடுவதில்லை. கன்று குடித்தது எங்கும் பதிவாகாது, ஒரு காம்பைக் கன்றுக்கென்றே விட்டுவைக்கிற வீடும் உண்டு. கன்று செத்துப்போன மாடு திடீரென்று கறவையை நிறுத்திவிடும், அது மரபுக் குறை இல்லை. கன்று எத்தனை காம்பு குடித்தது என்ற ஒரு கட்டத்தைப் படிவத்தில் கையால் கோடு போட்டாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்குட்டியைக் காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டுவதற்கு முன் எடை போடுங்கள். மாலையில் போட்டால் வயிற்றில் உள்ள புல்லையும் தண்ணீரையும் சேர்த்து எடை போட்டதாகும். இரட்டைக்குட்டியா, தாய்க்கு முதல் ஈத்தா என்று பக்கத்தில் எழுதுங்கள். இரட்டையாகப் பிறந்தது சின்னதாக இருப்பது அதன் குற்றமில்லை.

வந்த பதிவேட்டைப் புரட்டும்போது எண்களின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். எல்லாம் 5.0, 6.5, 7.0 என்று அரையிலும் முழுசிலும் முடிந்தால் யாரோ கண்ணளவில் எழுதியிருக்கிறார். மூன்று மாதமாக ஒரே மாடு அதே 6.5 என்றால், திண்ணையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பதிவு எடுப்பவரைத் திட்டிப் பயனில்லை. மாதம் ஒருமுறை, காலையும் மாலையும், அவரோடு நீங்களும் ஒரு தெரு நடந்து பாருங்கள், ஏன் அப்படி எழுதுகிறார் என்பது விளங்கும்.

8. தகப்பன் யார் என்பதில் சந்தேகப்படுங்கள். 12 இலக்கக் காது வில்லை வந்த பிறகு மாடு யார் என்பதில் குழப்பம் குறைந்திருக்கிறது. தகப்பன் விஷயம் அப்படியில்லை. உறைவிந்துக் குச்சியின் மேல் காளை எண் அச்சாகியிருக்கும். ஊசி போட்ட கையோடு குச்சியைப் பார்த்து எழுதாமல், சாயங்காலம் ஞாபகத்திலிருந்து எழுதினால் போச்சு. சினை நிற்காமல் அடுத்த பருவத்துக்கு ஊர்க்காளைக்கு விட்டிருப்பார்கள், அது ஏட்டில் ஏறியிருக்காது. ஆட்டுப்பட்டியில் ராத்திரி பக்கத்துப் பட்டிக் கிடா வேலி தாண்டினால் கேட்கவே வேண்டாம். தப்பான தகப்பன் பெயர்கள் கலந்த பதிவில் நல்ல காளையும் மோசமான காளையும் நடுவுக்கு வந்து ஒன்றுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் டிஎன்ஏ பரிசோதனைக்கு மாதிரி அனுப்புங்கள், இன்றைக்கு அது எட்டாத செலவு இல்லை.

9. ஒரு பண்பை இழுத்தால் எது கூட வரும் என்று பாருங்கள். ஹோல்ஸ்டீனில் பாலை மட்டுமே குறிவைத்துப் பல தலைமுறை தேர்ந்தெடுத்தார்கள். பால் ஏறியது, சினைப்பிடிப்பு மரபளவிலேயே சரிந்தது. சினைப்பிடிப்பின் பாரம்பரியத்திறன் மிகக் குறைவு, அதனால் மரபு வழியில் ஒன்றும் ஆகாது என்று அலட்சியமாக இருந்தார்கள். குறைவான பாரம்பரியத்திறன் என்றால் கணிப்பது கஷ்டம், அவ்வளவுதான். அடியில் மரபு வேறுபாடு போதுமான அளவு இருந்தது, அது கீழ்நோக்கிப் போனது. அமெரிக்காவில் 2003இல் மகள்களின் சினைப்பிடிப்பு வீதத்துக்கும் காளைகளுக்கு மதிப்பீடு போடத் தொடங்கிய பிறகுதான் சரிவு நின்று திரும்பியது.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்தவும் கிளம்பாதீர்கள். பத்துப் பண்புக்குத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றிலும் கிடைப்பது சொற்பம். எதற்கு விவசாயிக்குக் காசு வருகிறதோ அந்த மூன்று நான்கை எடுத்து, அவற்றுக்கு எடை போட்டு ஒரே மதிப்பெண்ணாக்குங்கள். லனாய் ஹேசல் 1943இல் அதற்கு வழி சொல்லிவிட்டார்.

10. இரத்த உறவுக் கணக்கை வாரம் ஒருமுறை பாருங்கள். 2 கிடா, 50 பெட்டை உள்ள மூடிய மந்தை. ஒரு தலைமுறைக்கு ஏறும் உள்ளினச்சேர்க்கை எவ்வளவு? எட்டை இரண்டால் பெருக்கி ஒன்றின் கீழ் வையுங்கள், 6.25 விழுக்காடு. எட்டை ஐம்பதால் பெருக்கி ஒன்றின் கீழ் வையுங்கள், 0.25. மொத்தம் 6.5. பெட்டையை 500 ஆக்கினாலும் 6.25க்குக் கீழே இறங்காது. கிடாவைப் பத்தாக்கினால் 1.5க்கு இறங்கிவிடும். கிடா எண்ணிக்கைதான் கழுத்தைப் பிடிக்கிறது. சிறு பண்ணையில் பத்துக் கிடாவுக்குத் தீனி போட மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். நாலு பண்ணை சேர்ந்து கிடாவை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

செயற்கைக் கருவூட்டலில் இந்த ஆபத்து உலக அளவுக்குப் போகும். பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்று ஒரு ஹோல்ஸ்டீன் காளை, 1962இல் பிறந்தது. 16,000 மகள்கள். அமெரிக்க ஹோல்ஸ்டீனின் இன்றைய மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 14 விழுக்காடு அதனுடையது. அதன் ஒரு மரபணுவில் குறை இருந்தது. அந்தக் குறை இரண்டு பக்கமும் சேர்ந்து வந்த கரு பிழைக்காது. உலகம் முழுவதும் இப்படிக் கலைந்துபோன சினைகள் ஐந்து லட்சம் இருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். காளை கொடுத்த பாலின் லாபம் அந்த நஷ்டத்தைவிடப் பல மடங்கு பெரிது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பேரன் பேத்திகள் ஒன்றோடொன்று சேரும்வரை குறை வெளியே தெரியவே இல்லை.

11. கலப்பின முதல் தலைமுறையைப் பார்த்து மயங்காதீர்கள். நாட்டு மாட்டுக்கு ஜெர்சி ஊசி போட்டுப் பிறந்த கிடேரி தாயைவிடப் பலமடங்கு கறக்கும், நன்றாகவும் தாங்கும். அதில் ஒரு பங்கு கலப்பு வீரியம். அந்தக் கலப்பினத்துக்குள்ளேயே காளை எடுத்துச் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் வீரியம் பாதியாகும். "முதல் கன்னு மாதிரி ரெண்டாவது இல்லீங்களே" என்று விவசாயி சொன்னால் அவர் தப்பாகப் பார்க்கவில்லை. கலப்பு வீரியத்தை நம்பித் திட்டம் போடலாம், ஆனால் அதையே மரபு முன்னேற்றம் என்று அறிக்கையில் எழுதக் கூடாது.

12. வெளிநாட்டுக் காளைப் பட்டியலில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கப் பட்டியலில் பி.டி.ஏ. என்று போட்டிருப்பது காளையின் மரபு மதிப்பில் பாதி, அதாவது மகளுக்குக் கடத்துவது. அளவு பவுண்டில். எந்த அடிப்படைக்கு மேலே என்பதை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், பழைய பட்டியலோடு நேராக ஒப்பிட முடியாது. இதற்கெல்லாம் மேலே, அந்த மகள்கள் குளிர் தேசத்தில் தானியம் தின்று கறந்தவை. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில், சோளத்தட்டுத் தின்று அதே வரிசை நிற்குமா? சில காளைகள் வரிசை மாறும். நம் மண்ணில் மகள்களை அளந்த காளை பட்டியலில் கொஞ்சம் கீழே இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

13. ஜீனோம் சிப் வந்துவிட்டது, இனி பதிவேடு எதற்கு என்று கேட்பார்கள். மெய்வீசன், ஹேய்ஸ், கோடார்டு மூவரும் 2001இல் எழுதிய கட்டுரையின்படி, மரபணுத் தொகுதி முழுக்கப் பரவிய ஆயிரக்கணக்கான குறிகளின் விளைவை ஒன்றாகக் கணித்தால் கன்று பிறந்ததுமே அதன் மரபு மதிப்பைச் சொல்லலாம். மகள்கள் கறக்கும்வரை ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் 2009இல் அது அதிகாரபூர்வ மதிப்பீடாயிற்று. நம் நாட்டில் 2024இல் நாட்டு மாட்டுக்குக் கௌசிப், எருமைக்கு மகிஷ்சிப் வெளியிட்டார்கள். காலம் சுருங்கியது, அதுதான் இதன் பெரிய லாபம்.

குறியின் விளைவைக் கணிப்பதற்கு, சிப்பிலும் போட்டு, பாலும் அளந்த ஆயிரக்கணக்கான மாடுகள் வேண்டும். அந்தப் பால் எண்கள் 7ஆவதில் சொன்ன திண்ணை எண்களாக இருந்தால் சிப் அவற்றைத்தான் கற்றுக்கொள்ளும். காங்கயத்துக்கு வேண்டிய கணிப்பை ஹோல்ஸ்டீன் தரவிலிருந்து இறக்குமதி செய்யவும் முடியாது.

14. கண்ணால் பார்க்கிறவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். சுழி பார்த்து மாடு வாங்குகிறவரை நக்கல் செய்யாதீர்கள். சுழிக்கும் கறவைக்கும் தொடர்பு காட்டுங்கள் என்று சண்டைக்கும் போகாதீர்கள். அவரே அடுத்த நிமிடம் நடையைப் பார்ப்பார், குளம்பைத் தட்டிப் பார்ப்பார், திமிலும் முன்கட்டும் பார்ப்பார். உழவுக்கும் வண்டிக்கும் வேண்டிய பண்புகள் அவை, எல்லாமே அளவுப் பண்புகள், எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் காங்கயம் மாட்டை வளர்த்தெடுத்த காலத்தில் பிளப் கிடையாது, தேர்வு இருந்தது. இன்னொன்று, காங்கயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதம் வாக்கில்தான் சாம்பல் நிறத்துக்கு வரும். செவலைக் கன்றைப் பார்த்துக் கலப்பு என்று படிவத்தில் எழுதிவிட்டு வந்தால், ஊரே சிரிக்கும்.

15. "ஏனுங்க டாக்டரு, இந்தக் காளை ஊசி போட்டா கன்னு எத்தன லிட்டரு கறக்குமுங்க?" இந்தக் கேள்வி வராத நாள் கிடையாது. லிட்டர் கணக்கில் வாக்குக் கொடுக்காதீர்கள். இந்தக் காளைக்கு நூறு மகள் பிறந்தால், சராசரிக் காளையின் மகள்களைவிட ஈத்துக்கு இவ்வளவு கூடுதலாக இருக்கும், உங்கள் வீட்டுக்கு வரும் ஒரு கன்று அதற்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம் என்று சொல்லுங்கள். தாய் எந்த அளவு, தீவனம் என்ன என்று திருப்பிக் கேளுங்கள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஊசிக்கு எவ்வளவு என்று விசாரிப்பார். அந்த ஒன்றுக்கு மட்டும் உங்களால் பைசா சுத்தமாகப் பதில் சொல்ல முடியும்.